வீட்டு இணையம்: மூன்று இணைப்பில் எது அறுந்துபோகாமல் ஓடும், எப்படிச் சோதிப்பது?

புதுவாசல் (கேள்வி)

வணக்கம். புது வீட்டுக்கு இணைய இணைப்பு எடுக்க வேண்டும். மூன்று வழி இருக்கிறது. ஒன்று, வீட்டுக்குள்வரை ஃபைபர், 100 எம்பிபிஎஸ். இரண்டாவது, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெட்டி வைத்து அங்கிருந்து லேன் கேபிள் இழுத்துத் தருகிறார்கள். 300 எம்பிபிஎஸ் என்கிறார்கள், மாதக் கட்டணமும் குறைவு. மூன்றாவது, சிம் போட்ட 5ஜி ரவுட்டர்.

வீட்டில் இரண்டு பேருக்கு நாள் முழுக்க வீடியோ கால் உண்டு. மாலையில் டிவி. வாசல் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்கவும் முடிய வேண்டும். வேகம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, பேசிக்கொண்டிருக்கும்போது அறுந்துபோகக் கூடாது. விற்பனைக்கு வருகிறவர்கள் வேகத்தைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. அவர்களிடம் என்ன கேட்க வேண்டும், நான் எதைச் சோதிக்க வேண்டும்?

கண்ணாடிஇழை

முதலில் தேவையை எண்ணாக்கிப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். தெளிவான வீடியோ கால் ஒன்றுக்கு மேலேற (அப்லோட்) 3 முதல் 4 எம்பிபிஎஸ், கீழிறங்க (டவுன்லோட்) அதே அளவு. 4கே படம் ஓட 15 முதல் 25. இரண்டு கால், ஒரு டிவி, கைபேசிகள் எல்லாம் சேர்ந்தாலும் 50ஐத் தாண்டுவது அரிது. ஆகவே 100ஆ 300ஆ என்பது உங்களுக்குக் கேள்வியே இல்லை. மேலேறும் வேகம் எவ்வளவு, வீட்டுக்கு வரும் கடைசித் துண்டு எதனால் ஆனது என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள்வரை ஃபைபர் என்றால், நிறுவனத்தின் நிலையத்தில் இருக்கும் ஓஎல்டி கருவிக்கும் உங்கள் வீட்டில் இழை வந்து முடியும் ஓஎன்டி பெட்டிக்கும் நடுவில் மின்சாரம் தேவைப்படும் பொருள் பொதுவாக எதுவும் இருக்காது. தெருவில் இருக்கும் ஸ்பிளிட்டர் ஒளியைப் பல கிளையாகப் பிரிக்கும் வெறும் கண்ணாடி. தெருவில் கரன்ட் போனாலும் அது வேலை செய்யும். இழையில் மின்சாரம் பாயாது, அதனால் மின்னல் அந்த வழியாக ரவுட்டருக்கு வராது. கேபிளோடு வரும் தாங்குகம்பி மட்டும் உலோகமாக இருக்கலாம், அதைச் சுவருக்கு வெளியிலேயே கட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஓர் இழையில் கீழிறங்க சுமார் 2.5 ஜிபிபிஎஸ், மேலேற 1.25 ஜிபிபிஎஸ். அதை 32 வீடுகள் பகிர்ந்தால், எல்லாரும் ஒரே நொடியில் இழுத்தாலும் வீட்டுக்குச் சுமார் 78 எம்பிபிஎஸ் கிடைக்கும். 64 வீடு என்றால் அதில் பாதி. ஸ்பிளிட் எத்தனை என்பது விற்பனைக்கு வருகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இணைப்புக் கொடுக்க வரும் டெக்னீஷியனிடம் கேளுங்கள்.

அந்த 300 எம்பிபிஎஸ் லேன் கேபிளில்தான் கவனம் தேவை. கீழ்த்தளப் பெட்டிக்குள் இருப்பது, ஓர் இணைப்பைப் பல வீட்டுக்குப் பிரித்துத் தரும், மின்சாரத்தில் ஓடும் ஸ்விட்ச் என்ற கருவி. கட்டடத்தின் பொது மின்சாரம் போனால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் இணையம் இருக்காது. கேட்க வேண்டியவை: பெட்டிக்குப் பேட்டரி உண்டா, எத்தனை மணி நேரம் தாங்கும், நிறுவனத்திலிருந்து அந்த ஸ்விட்சுக்கு வரும் மேல் இணைப்பு எவ்வளவு, அதில் எத்தனை வீடு. 1 ஜிபிபிஎஸ் மேல் இணைப்பில் 40 வீட்டுக்கு 300 எம்பிபிஎஸ் விற்றிருந்தால் மாலையில் என்ன கிடைக்கும் என்று நீங்களே வகுத்துப் பார்க்கலாம். லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டி இழுத்தால் ஓடுவது போலவே இருக்கும், பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) மட்டும் உதிரும். மொட்டைமாடி வழியாக வெட்டவெளியில் தாமிரக் கம்பி போகிறது என்றால் எடுக்காதீர்கள். பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தாலே கம்பியில் மின்னழுத்தம் ஏறி ரவுட்டரில் வெளி இணைப்பைச் சொருகும் வான் (WAN) போர்ட் போய்விடும்.

5ஜியை முதன்மை இணைப்பாக எடுக்கும் முன் ரவுட்டரின் சிக்னல் பக்கத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள். சிக்னலின் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி −90 டிபிஎம் அல்லது அதைவிட மேலாக இருந்தால் நல்லது, −110க்குக் கீழே போனால் நம்ப முடியாது. சிக்னல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே என்று காட்டும் எஸ்ஐஎன்ஆர் 20 டிபிக்கு மேல் அருமை, 0க்குப் பக்கத்தில் வந்தால் இரைச்சலே மிஞ்சும். சிக்னல் கோடு முழுதாக நின்றும் இணையம் நகராமல் இருப்பதற்கு இந்த இரண்டாவது எண் குறைவதோ, கோபுரத்தில் நெரிசலோதான் காரணமாக இருக்கும். உங்கள் நிலையில் இதை மாற்று இணைப்பாக வைக்கலாம், முதன்மையாக வேண்டாம்.

இரவு9மணி

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் வீட்டுக்குள்வரை ஃபைபர் வந்தாலும் நிறுவனம் வெளி உலகத்தோடு வைத்திருக்கும் இணைப்பு மெலிந்திருந்தால் பயன் இல்லை. காலை 11 மணிக்கு எல்லா நிறுவனமும் நன்றாகத்தான் ஓடும். இரவு 8 முதல் 11 வரை சோதியுங்கள், அதில் ஒரு நாளாவது விடுமுறை நாளாக இருக்கட்டும்.

வைஃபையில் சோதித்தால் உங்கள் சுவரைத்தான் சோதிக்கிறீர்கள். மடிக்கணினியை லேன் கேபிளில் மாட்டி, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். வேகச் சோதனைத் தளம் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பல நேரம் அந்த நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும். அது உங்கள் வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் நடுவே உள்ள வேகத்தைத்தான் காட்டும். வேறு நிறுவனத்தின் சர்வரைக் கையால் தேர்ந்தெடுத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் நெரிசல் நிறுவனத்தின் வெளிவாசலில்.

வீடியோ காலுக்கு வேகத்தைவிட முக்கியமானது சுமை ஏறும்போது தாமதம் எவ்வளவு கூடுகிறது என்பது. 1.1.1.1 என்ற பொது சர்வருக்குப் பிங் (போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள், சும்மா இருக்கும்போது 10 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு பெரிய கோப்பை மேலேற்றுங்கள். பிங் 30, 40க்குள் நின்றால் நல்ல இணைப்பு. 300, 500 என்று ஏறினால், வீட்டில் யாராவது படங்களைக் கிளவுடில் ஏற்றும்போதெல்லாம் உங்கள் குரல் வெட்டும். மேலேறும் பாதையின் வாயில் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்பதுதான் காரணம். இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் வசதியுள்ள ரவுட்டரில் கேக் (CAKE) என்ற முறையைத் தேர்ந்து, மேலேறும் வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 85 முதல் 90 சதவீதத்தில் பூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பத்து சதவீத வேகம் போகும், ஆனால் பேச்சு அறாது. கொடுக்க வேண்டிய விலைதான்.

பாக்கெட் இழப்பைப் பார்க்க ஒரே நேரத்தில் மூன்று பிங் ஓடட்டும்: உங்கள் ரவுட்டருக்கு ஒன்று, நிறுவனத்தின் முதல் கேட்வேக்கு (உங்கள் ரவுட்டருக்கு அடுத்த கருவி) ஒன்று, வெளியில் ஒன்று. ரவுட்டருக்கே இழப்பு என்றால் கோளாறு வீட்டுக்குள். கேட்வேயில் தொடங்கினால் கடைசித் துண்டில். வெளியில் மட்டும் என்றால் நிறுவனத்தின் மேல் இணைப்பில். புகார் கொடுக்கும்போது ‘நெட் ஸ்லோ’ என்று சொல்வதைவிட, ‘கேட்வேக்கு இரவு 9 முதல் 10 வரை 4 சதவீதம் இழப்பு’ என்று சொன்னால் பேச்சே வேறு திசையில் போகும். வழியில் உள்ள ஒவ்வொரு கருவியையும் படிப்படியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட்டைப் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நடுவில் ஒரு படியில் மட்டும் இழப்பு காட்டி, கடைசிப் படியில் இழப்பே இல்லை என்றால் அது கோளாறு அல்ல. அந்தக் கருவி பிங்குக்குப் பதில் சொல்வதைத் தாழ்ந்த வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

விதிமுறைவாசி

பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: மேலேறும் வேகம் எவ்வளவு, மாத டேட்டா எல்லை எவ்வளவு, அதைத் தாண்டியபின் வேகம் எவ்வளவு, சலுகைக் காலம் முடிந்தபின் கட்டணம், எத்தனை மாதம் விலக முடியாது, விலகினால் ஓஎன்டியை யார் எடுத்துப்போவது, பழுதை எத்தனை மணிக்குள் சரிசெய்வார்கள்.

‘வரம்பற்றது’ என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். எல்லைக்கு மேல் 1 எம்பிபிஎஸ் தருவார்கள் என்றால், இணைப்பு இருக்கும், வீடியோ கால் இருக்காது. உங்கள் பயன்பாட்டைக் கணக்கிட: 4கே படம் மணிக்குச் சுமார் 7 ஜிபி, எச்டி படம் சுமார் 3 ஜிபி. இரவும் பகலும் 2 எம்பிபிஎஸ்ஸில் கிளவுடுக்கு அனுப்பும் ஒரு கேமரா மட்டும் மாதத்துக்கு 648 ஜிபி எடுக்கும். பலர் மறப்பது இதைத்தான்.

‘99 சதவீதம் இயங்கும்’ என்பதும் கேட்க நன்றாக இருக்கும். அது ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கு மேல் இணையம் இல்லாமல் இருப்பதற்கான அனுமதி. 99.9 என்றால்தான் 9 மணி நேரத்துக்குள் வரும். வீட்டு இணைப்புக்கு இப்படி எழுதிக் கொடுப்பவர்கள் குறைவு, அதனால் பழுது நீக்கும் நேரத்தைப் பிடித்துக் கேளுங்கள். ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள், தள்ளுபடி எவ்வளவு இனித்தாலும். முதல் மாதம் மாதக் கட்டணத்திலேயே ஓட்டிப் பாருங்கள்.

புதுவாசல்

மிக்க நன்றி. அதே கட்டடத்தில் இருப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஃபைபர் வைத்திருக்கும் வீட்டில் ஓஎன்டி பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் −26.1 டிபிஎம் என்று இருக்கிறது. ரவுட்டரின் வான் முகவரி 100.72 என்று தொடங்குகிறது. லேன் கேபிள் வைத்திருக்கும் வீட்டில் கம்பியில் சோதித்தும் எப்போது பார்த்தாலும் 94 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவில்லை. இவற்றுக்கு என்ன அர்த்தம்?

கண்ணாடிஇழை

ஆர்எக்ஸ் பவர் என்பது ஓஎன்டிக்கு வந்துசேரும் ஒளியின் அளவு. −26.1 என்பது ஓடும், ஆனால் விளிம்பில் ஓடும். பரவலாக உள்ள பி+ வகை ஜிபான் கருவியில் ஓஎன்டி படிக்கக்கூடிய கடைசி அளவு −27 டிபிஎம். கையிருப்பு 1 டிபிகூட இல்லை. கேபிள் ஓரிடத்தில் சற்று வளைந்தாலோ, கனெக்டரில் தூசி படிந்தாலோ இணைப்பு விழுந்து எழுந்துகொண்டே இருக்கும். கணக்குப்படி என்ன வர வேண்டும் என்று பாருங்கள். ஓஎல்டியிலிருந்து சுமார் +3 டிபிஎம் புறப்படுகிறது. 1:32 ஸ்பிளிட்டரில் சுமார் 17 டிபி போகும். 5 கிலோமீட்டர் இழையில் ஒன்றரை, கனெக்டர்களிலும் ஒட்டுகளிலும் ஒன்றிரண்டு. ஆக −17 அல்லது −18 வர வேண்டும். 1:64 என்றால் இன்னொரு மூன்றரை குறையும், −21 பக்கம். −26க்கு வந்திருக்கிறது என்றால் வழியில் எங்கோ 5 டிபியாவது வீணாகிறது. 3 டிபி குறைந்தாலே ஒளி பாதி, மறக்காதீர்கள்.

வீணாகும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். சுவர் மூலையில் இழையை மடித்து ஆணி அடித்திருப்பார்கள். வளைவைத் தாங்கும் ஜி.657ஏ2 இழைக்கே 7.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழ் வளைக்கக் கூடாது, பழைய ஜி.652 இழைக்கு 30 மில்லிமீட்டர். அடுத்தது கனெக்டர். பச்சைத் தலை எஸ்சி ஏபிசி, அதன் முகம் 8 பாகை சாய்வாகத் தேய்த்திருக்கும். நீலத் தலை யுபிசி, நேர்முகம். பச்சையை நீலத்தில் சொருகினால் உள்ளே போய்விடும், ஆனால் முகங்கள் பொருந்தாமல் பல டிபி போகும். மூன்றாவது, ஃப்யூஷன் ஸ்பிளைஸ் (இழைகளை உருக்கி ஒட்டுவது) செய்யாமல் கையால் கோத்த மெக்கானிக்கல் ஒட்டு. வெயிலிலும் மழையிலும் நாளடைவில் தளரும். இழையின் நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் போவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

அந்த ஒரு வீட்டின் எண்ணை வைத்து நிறுவனத்தைத் தள்ளிவிட வேண்டாம். அது அந்த வீட்டுக் கம்பியின் கோளாறாக இருக்கலாம். இன்னும் இரண்டு வீட்டில் பாருங்கள். எல்லா வீட்டிலும் −25க்குக் கீழ் என்றால் கட்டடத்துக்கு வரும் கேபிளிலோ ஸ்பிளிட்டரிலோ சிக்கல். உங்கள் வீட்டுக்கு இணைக்கும்போது டெக்னீஷியன் பவர் மீட்டரில் அளந்து காட்டட்டும், −23க்கு மேலாக இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த எண்ணைச் சுவரில் ஓஎன்டிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து 2 டிபி குறைந்திருந்தால், இணைப்பு அறுவதற்கு முன்பே புகார் செய்யலாம்.

இரவு9மணி

94 என்ற எண்ணைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். எங்கோ ஓரிடத்தில் கம்பி 100 எம்பிபிஎஸ்ஸில் பேசுகிறது. ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேர்ந்து போகும் முகவரி முதலிய தலைப்புச் சுமை போக மிஞ்சுவது 94. ஸ்விட்ச் போர்ட்டே 100 வகையாக இருக்கலாம், அப்படியென்றால் 300 என்று விற்றதே தவறு. அல்லது கேபிளில் ஓர் இணை (சேர்த்து முறுக்கிய இரண்டு கம்பி) அறுந்திருக்கலாம். கிகாபிட் ஓட நான்கு இணைகளும் வேண்டும், 100க்கு இரண்டே போதும். நான்கில் ஒன்று போனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். இரண்டு பேருக்கு ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு இணை ஒரு வீட்டுக்கு, இரண்டு இணை இன்னொரு வீட்டுக்கு என்று கொடுக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. ஆர்ஜே45 தலையைப் பார்த்தாலே தெரியும், எட்டு நிறமும் இருக்கிறதா என்று.

துறைமுகம்

100.72 என்பது சிஜிநாட் (CGNAT) முகவரி. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள் அதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஒரு பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்கு நேராக வர வழி இல்லை, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடுவது) எத்தனை முறை அமைத்தாலும் வேலை செய்யாது. கேமரா பார்க்க வேண்டுமென்றால் நிலையான பொது முகவரிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

இரவு9மணி

கேமராவுக்காக மட்டும் என்றால் அந்தப் பணம் தேவையில்லை என்பது என் கருத்து. இன்றைய கேமராக்கள் பெரும்பாலும் தாமே வெளியே போய்த் தங்கள் சர்வரோடு இணைந்துகொள்கின்றன, அதற்குச் சிஜிநாட் தடை இல்லை. சொந்தப் பதிவுப் பெட்டி வைத்திருந்தாலும் வயர்கார்டு போன்ற விபிஎன்னை (வீட்டு வலைக்குள் வரும் பூட்டிய தனிப்பாதை) வெளியில் உள்ள ஒரு சர்வர் வழியாக அமைக்கலாம். போர்ட்டைத் திறந்து கேமராவை உலகத்துக்குக் காட்டுவது பாதுகாப்பும் அல்ல.

துறைமுகம்

பாதுகாப்பு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். கேமராவின் போர்ட்டை நேராகத் திறக்க வேண்டாம். ஆனால் ஐபிவி6 (பகிராமல் வீட்டுக்கே தனிப் பொது முகவரிகள் தரும் புது முகவரி முறை) தருகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். தந்தால் சிஜிநாட்டைச் சுற்றிப் போகாமல் வீட்டு விபிஎன்னுக்கே நேராக வரலாம், நீங்கள் வெளியூரில் பயன்படுத்தும் இணைப்பிலும் ஐபிவி6 இருந்தால் போதும். /56 அல்லது அதைவிடப் பெரிய முகவரித் தொகுதி கொடுத்தால் நல்லது (எண் சிறிதானால் தொகுதி பெரிது). ஒரே ஒரு /64 என்றால் விருந்தினர் வைஃபையைத் தனி வலையாகப் பிரிக்கச் சிரமம்.

சொந்த ரவுட்டர் போடலாமா என்பதையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள். ஓஎன்டியைப் பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் வெறுமனே கடத்தும்படி) போட்டுத் தந்தால் பிபிபிஓஈ (நிறுவனத்தோடு உள்நுழையும் முறை) பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வாங்கிக்கொள்ளுங்கள். வீலேன் எண்ணையும் (நிறுவனம் தன் வலையைப் பிரிக்க வைக்கும் எண்) கேட்க மறக்காதீர்கள், அது இல்லாமல் பலர் ஒரு நாள் முழுக்க முட்டிக்கொள்கிறார்கள். பிபிபிஓஈயில் 8 பைட் கூடுதலாகப் போவதால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 என்று வைக்க வேண்டும். 1500 என்றே விட்டால் சில தளம் திறக்கும், சில தளம் பாதியில் நிற்கும். டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றுவது) கோளாறு என்று நினைத்து அதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

காப்புமின்

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். ஓஎன்டியும் ரவுட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை, இரண்டும் சேர்ந்து 15 முதல் 20 வாட். அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்ப், பின்னின் துருவம் மூன்றையும் பார்த்து டிசி மினி யுபிஎஸ் வாங்குங்கள். சில ரவுட்டர் 9 வோல்ட், 12ஐக் கொடுத்தால் போய்விடும். பெட்டியில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பதை 12 வோல்ட்டில் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அது பொதுவாக உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட்மணி. மாற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் 18 வாட் சுமைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்தான். ‘எட்டு மணி நேரம்’ என்று பெட்டியில் இருப்பது 4, 5 வாட் சுமைக்கு.

5ஜி சிம்மை மாற்று இணைப்பாக வைப்பதென்றால் இரண்டு வான் உள்ள ரவுட்டர் வேண்டும். அதில் முதன்மை இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கேட்வேக்குப் பிங் செய்யும்படி விடாதீர்கள். கேட்வே பதில் சொல்லிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் அறுந்திருக்கும், ரவுட்டர் மாறவே மாறாது. வெளியில் உள்ள இரண்டு முகவரி கொடுங்கள், இரண்டும் மூன்று முறை தவறினால் மாறும்படி வையுங்கள். மாறும் நேரத்தில் வெளி முகவரி மாறுவதால் ஓடிக்கொண்டிருக்கும் கால் சில நொடி நின்று திரும்ப இணையும், அதைத் தவிர்க்க முடியாது. மாதம் ஒருமுறை ஃபைபர் கேபிளை அல்ல, ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள லேன் கேபிளைக் கழற்றிச் சோதித்துப் பாருங்கள். ஃபைபர் தலையை அடிக்கடி கழற்றினால் முகத்தில் தூசி ஏறும். வெளி முகவரிச் சோதனை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பிபிபிஓஈ ஓஎன்டியிலேயே ஓடினால், அந்த லேன் கேபிளை மாட்டியபடியே விட்டுவிட்டு ஓஎன்டியில் பிபிபிஓஈ கடவுச்சொல்லை ஒருமுறை தவறாகப் போட்டும் பாருங்கள்.

புதுவாசல்

ஃபைபரையே எடுக்கிறேன், மாதக் கட்டணத்தில். நாளை இன்னும் இரண்டு வீட்டில் ஆர்எக்ஸ் பவர் பார்த்துவிட்டு எண்களை இங்கே போடுகிறேன். ஓஎன்டியை டிவிக்குப் பின்னால் வைக்கலாமா?

கண்ணாடிஇழை

ஓஎன்டியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், காற்றோட்டம் இருந்தால் போதும். வைஃபை அதிலேயே இருந்தால் டிவிக்குப் பின்னால் வேண்டாம், உலோகத் தகடு அலையை மறைக்கும். இழை போகும் வழியை நீங்களே முன்கூட்டி முடிவு செய்து, கதவு மூடும் இடுக்கு வழியாக வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஓஎன்டிக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் இழையை உள்ளங்கை அகலச் சுருளாக விட்டு வைக்கச் சொல்லுங்கள். பின்னால் தலை உடைந்தால் அந்த ஒரு மீட்டரில் புதுத் தலை போட்டுவிடலாம், கேபிளை மறுபடி இழுக்க வேண்டியிருக்காது.